எழுத்துத் தேக்கமும் பிறர் தேவையும்: டால்ஸ்டாயின் வாழ்விலிருந்து

எழுதத் தெரிந்த ஒருவர், நேரமும் விருப்பமும் இருந்தும் எழுத இயலாமல் மாதக்கணக்கிலும் சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் நின்றுபோகும் நிலையைப் படைப்புத் தேக்கம் எனலாம். இதைச் சோம்பலோடு சேர்த்து எண்ணுவது தவறு. சோம்பல் உடையவர் மேசைக்கு வருவதே இல்லை. தேக்கத்துக்கு ஆளானவரோ நாள்தோறும் வந்து அமர்ந்து, நான்கு வரி எழுதி, எழுதியதை அடித்து, அடித்ததையே மறுபடியும் எழுதிப் பார்த்து, இருட்டியபின் எழுந்து போகிறார். கவிஞர்களும் கதைஞர்களும் நெடுங்காலமாக அறிந்திருந்த இத்துன்பத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை, 'எழுத்தாளர் தடை' என்று பொருள்படும் தொடரை, 1940களில் பரப்பியவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். மனத்தின் அறியப்படாத அடுக்குகளில் புதைந்து கிடக்கும் நினைவுகளையும் அச்சங்களையும் பேச்சின் வழியே வெளிக்கொணர்ந்து நோய் தீர்க்க முயலும் முறையே உளப்பகுப்பாய்வு. ஆகவே பெர்க்லர் இத்தடையின் வேரை எழுத்தாளரின் குழந்தைப் பருவத்தில் தேடினார். அவருக்கு முன்பே, 1926இல், கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியிருந்தார்: பொருளைத் திரட்டுதல், திரட்டியதை மனம் ஓசையின்றி அடைகாத்தல், திடீரெனத் தெளிவு பிறத்தல், பிறந்ததைச் சரிபார்த்தல். வாலஸின் வழியில் நோக்கினால் தேக்கம் என்பது நீண்டுபோன அடைகாப்பே ஆகும்.

இவ்விரு விளக்கங்களும் பயனுடையவை. ஆயினும் இரண்டும் எழுத்தாளரைக் கதவடைத்த அறைக்குள் தனியராக வைத்தே பார்க்கின்றன. அந்த அறைக்கு வெளியே அவருடைய உதவியை வேண்டி நிற்கும் மனிதர்களுக்கு இவ்விளக்கங்களில் இடம் இல்லை. தேக்கத்தின் நடுவில் இருப்பது தன்னோக்கு. எழுதுபவரின் கவனம் எழுதப்படும் பொருளை விட்டுவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும் தம்மையே பார்க்கத் திரும்பிவிடுவதைத் தன்னோக்கு என்ற சொல் இங்கே குறிக்கிறது. முந்தைய நூலுக்கு இது நிகராகுமா, அறிந்தவர்கள் என்ன சொல்வார்கள், திறமை தீர்ந்துபோயிற்றா என்ற கேள்விகள் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வந்து வழிமறிக்கின்றன. இக்கேள்விகளோடு வாதிட்டு வென்றவர் அரிது; ஏனெனில் வாதிடுவதும் தன்னோக்கின் இன்னொரு வடிவமே. வேறொருவருடைய தேவை குறுக்கே வந்து கவனத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும்போது மட்டும் இக்கேள்விகள் கேட்பாரற்றுப் போகின்றன. இக்கருத்து எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் உண்மையாகாமல் போகிறது என்பதை லியோ டால்ஸ்டாயின் வாழ்வை வைத்து இச்சொற்பொழிவு ஆராய்கிறது. நாட்குறிப்பும் கடிதங்களும் ஏராளமாக எழுதி வைத்தவர் என்பதால், அவர் நின்றுபோன இடங்களும் மீண்டும் நடக்கத் தொடங்கிய இடங்களும் பெருமளவு தெளிவாகத் தெரிகின்றன.

முதல் தேக்கம் 1859இல் நேர்ந்தது. அப்போது டால்ஸ்டாய்க்கு முப்பத்தொரு வயது. குழந்தைப் பருவத்தைப் பற்றிய முதல் நூலாலும் செவஸ்தபோல் போர்க்களக் கதைகளாலும் ரஷ்யா முழுவதும் பெயர் பெற்றிருந்தவர், அவ்வாண்டு வெளியான 'குடும்ப மகிழ்ச்சி' என்ற குறுநாவலின் அச்சுப்படிகளைப் பார்த்தபோதே வெட்கம் கொண்டு, அதன் பிற்பகுதியை வெளியிடாமல் நிறுத்திவிட முடியுமா என்று நண்பர் போத்கினுக்கு எழுதினார். தொடர்ந்து வந்த மாதங்களில், இலக்கியத்தையே விட்டுவிட்டதாக நண்பர்களிடம் கூறலானார். அந்த இலையுதிர்காலத்தில், மாஸ்கோவுக்குத் தெற்கே துலா மாகாணத்தில் இருந்த தம் பண்ணையாகிய யாஸ்னயா போல்யானாவில், உழவர் வீட்டுக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்த உழவர்கள் அப்போது பண்ணை அடிமைகள். நிலத்தோடு சேர்த்து உரிமையாளருக்குக் கட்டுப்பட்டிருந்த அவர்களுக்கு விடுதலை வழங்கிய அரசாணை 1861இல்தான் வந்தது.

பள்ளி அக்காலத்துக்குப் புதுமையானது. கட்டணம் இல்லை, அடி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து, பலகையிலோ தரையிலோ சன்னல் விளிம்பிலோ விரும்பிய இடத்தில் உட்காரலாம். பிடிக்காத பாடத்தின் நடுவில் எழுந்து போகவும் தடை இல்லை. 1860இலும் 1861இலும் மேற்கு ஐரோப்பாவில் பயணம் செய்து ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளின் பள்ளிகளைப் பார்த்துத் திரும்பிய டால்ஸ்டாய், அங்கே பிள்ளைகள் அச்சத்தில் அமர்ந்து ஒப்பித்த காட்சியைக் கண்டு வருந்தி, தம் பள்ளியின் முறையில் மேலும் உறுதி கொண்டார். 1862இல் பள்ளியின் பெயரிலேயே ஒரு கல்வி இதழையும் நடத்தினார். பன்னிரண்டு இதழ்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில், உழவர் பிள்ளைகள் எழுதக் கற்பது படித்தவர்களிடமா, படித்தவர்கள் எழுதக் கற்பது உழவர் பிள்ளைகளிடமா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட ஒரு கட்டுரை இருக்கிறது. எழுத்துத் தேக்கம் பற்றி ஆராய்பவர்கள் அக்கட்டுரையை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும்.

அக்கட்டுரை விவரிக்கும் நிகழ்ச்சி வருமாறு. கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துவது என்ற பொருளில் ரஷ்ய உழவரிடையே ஒரு பழமொழி உண்டு. உதவி செய்துவிட்டு அதையே சொல்லிக் காட்டி வதைப்பவரைப் பற்றியது. இப்பழமொழியை ஒட்டி ஒரு கதை எழுதும்படி டால்ஸ்டாய் மாணவர்களிடம் கூறியபோது அவர்கள் தயங்கினார்கள். ஆகவே தாமே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். சிறிது நேரத்தில் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் கூடி, எழுதியதைப் படித்து, அது நன்றாக இல்லை என்றும் இப்படி வரவேண்டும் என்றும் சொல்லலானார்கள். எழுதும் வேலை மட்டும் அவர் கையில் நின்றது. கதை பிள்ளைகளின் வாயிலிருந்து வந்தது. மற்றவர்கள் கலைந்தபின்னும் கட்டுரையில் சியோம்கா, ஃபேத்கா என்று குறிக்கப்படும் இரண்டு சிறுவர்கள் மாலை ஏழு மணியிலிருந்து இரவு பதினொரு மணிவரை பசியும் களைப்பும் மறந்து உடனிருந்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்தினால் அவர்களுக்குக் கோபம் வந்தது.

கதையில் ஓர் உழவன் அவசரமாக வீட்டை விட்டு வெளியே வரவேண்டிய ஓர் இடம் உண்டு. அவன் பெண்கள் அணியும் ரோமமேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்ததாக எழுத வேண்டும் என்று ஃபேத்கா கூறினான். பெண்ணின் அங்கி எதற்கு என்று டால்ஸ்டாய் கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதைத் தவிரச் சிறுவனிடம் வேறு விடை இல்லை. எழுதிய பிறகே டால்ஸ்டாய்க்கு அதன் பொருள் விளங்கியது: கைக்கு எட்டிய மனைவியின் அங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் அந்த ஒடுங்கிய மார்புடைய மனிதனின் உருவமும், அவன் குடும்பத்தின் நிலையும், அவன் குணமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. தேர்ந்த கலைஞரிடமே காணக்கூடிய அளவுணர்வை எழுத்தறிவே அப்போதுதான் பெற்றிருந்த ஓர் உழவர் வீட்டுச் சிறுவனிடம் கண்ட டால்ஸ்டாய், அன்று இரவு அடைந்த பரபரப்பை மறைக்காமல் எழுதியுள்ளார். அந்தக் கையெழுத்துப்படி சில நாட்களில் அழிந்துபோனது. வருத்தமுற்ற சிறுவர்கள் இருவரும் ஓர் இரவு அவருடைய அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கதையை மறுபடியும் எழுதினார்கள்.

இந்நிகழ்ச்சியில் உதவி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குச் சென்றது என்று கேட்பது இயல்பு. உதவப் போனவர் டால்ஸ்டாய். எழுத்தின் மீது இழந்திருந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றவரும் அவரே. ஆனால் அதைத் தேடி அவர் அங்கே போகவில்லை என்பது முக்கியம். பீட்டர்ஸ்பர்க் நகரத்து இதழாசிரியர்களின் பார்வையில் தம் எழுத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தவர், இப்போது பத்து வயதுச் சிறுவனுடைய பார்வையில் எடைபோட வேண்டியதாயிற்று. அந்த எடைக்கல்லுக்கு முன்னால் புகழும் பழியும் செல்லுபடியாகவில்லை. ஒரு சொல் அந்த இடத்தில் மெய்யாக நிற்கிறதா, இல்லையா என்ற ஒன்றே கணக்கு. தன்னோக்கு உடைவது என்பது இதுதான்.

1862 கோடையில் காவல்துறை யாஸ்னயா போல்யானாவைச் சோதனையிட்டது. செப்டம்பரில் திருமணம் நடந்தது. பள்ளி படிப்படியாக நின்றது. 1863இல் 'போரும் அமைதியும்' தொடங்கியது. பள்ளியிலிருந்துதான் அப்பெருநூல் பிறந்தது என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். மண வாழ்வின் நிறைவுக்கும் அதில் பங்கு உண்டு. மேலும், இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக முடிவு காணாமல் கிடந்த 'கொசாக்குகள்' என்ற நாவல் 1863இல் வெளிவந்ததற்குக் காரணம் எவருக்கும் செய்த உதவி அன்று. 1862இல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் ஆயிரம் ரூபிள் தோற்று, அந்தக் கடனை அடைக்க இதழாசிரியர் காத்கோவிடம் முன்பணம் வாங்கியதே காரணம். புறநெருக்கடி எதுவாயினும் தேக்கத்தை உடைக்கும் ஆற்றல் உடையது என்பதையே இது காட்டுகிறது. வேறுபாடு பின்விளைவில் இருக்கிறது. கடன் ஒரு நூலை முடிக்கச் செய்தது. பள்ளியோ எழுதும் முறையையே மாற்றியது. அந்த மாற்றம் இரண்டாம் தேக்கத்தின்போது முழுமையாக வெளிப்பட்டது.

'போரும் அமைதியும்' 1869இல் நிறைவுற்றபின், பேரரசர் பீட்டரின் காலத்தைப் பற்றி ஒரு வரலாற்று நாவல் எழுத டால்ஸ்டாய் முனைந்தார். நூல்களைக் குவித்துப் படித்தார், குறிப்பெடுத்தார், முதல் காட்சியை மீண்டும் மீண்டும் எழுதினார், ஒன்றும் நகரவில்லை. இடையில் கிரேக்க மொழியைத் தாமே பயின்று ஹோமரை மூலத்தில் படிக்கும் அளவுக்குத் தேறினார். மாபெரும் நூல் ஒன்றை முடித்தவர் அடுத்த நூலுக்கு முன் அடையும் திகைப்பு பலரும் அறிந்தது. முந்தைய வெற்றியே அளவுகோலாகி மிரட்டும். இந்நிலையில் 1872இன் தொடக்கத்தில் வீட்டிலேயே பள்ளியை மறுபடி திறந்தார். மனைவியும் மூத்த பிள்ளைகளும்கூடப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு குழந்தைகளுக்கான அரிச்சுவடி ஒன்றை எழுதுவதில் முழுமூச்சாக இறங்கினார். எழுத்துகளைக் கற்பிக்கும் பகுதி, கணக்கு, ஈசாப்பின் நீதிக்கதைகள், இந்தியக் கதைகள், ரஷ்ய வீரப்பாடல்கள், வெப்பமும் காந்தமும் பற்றிய எளிய விளக்கங்கள் ஆகியவை எல்லாம் அடங்கிய அந்நூல் 1872 நவம்பரில் வெளிவந்தது. அரச குடும்பத்துப் பிள்ளைகள் முதல் உழவர் பிள்ளைகள் வரை இரண்டு தலைமுறையினர் இதில் படித்துத் தங்கள் முதல் கவியுணர்வை இதிலிருந்தே பெறவேண்டும் என்ற கனவை, உறவினர் அலெக்சாந்திரா டால்ஸ்டாயாவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வெளியிட்டிருக்கிறார்.

அரிச்சுவடியின் சிறுகதைகள் எவ்வாறு எழுதப்பட்டன என்பது கவனத்துக்கு உரியது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. படிக்கும் குழந்தைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட வரக்கூடாது. மன ஓட்டத்தை விவரிப்பது கிடையாது, செய்கையாலேயே மனம் தெரிய வேண்டும். 'போரும் அமைதியும்' நூலில் ஒரு பக்கத்துக்கு நீளும் வாக்கியங்களை எழுதிய கை, இப்போது ஐந்தாறு சொற்களில் வாக்கியத்தை முடித்தது. 'காகசஸ் கைதி' என்ற கதை இவ்வகையில் எழுதப்பட்டது. தத்தாரியரிடம் சிறைப்பட்ட ஒரு ரஷ்ய அதிகாரி களிமண்ணால் பொம்மை செய்து வைப்பதும், அதைக் கண்டு நெருங்கும் சிறுமி பின்னர் அவனுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுவருவதும், கடைசியில் குழியிலிருந்து அவன் தப்புவதற்குக் கம்பு நீட்டுவதும் ஒரு குழந்தை தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் சொற்களில் அமைந்தவை. இக்கதையின் நடையும் உத்தியுமே இனி வளர்ந்தவர்களுக்கும் தாம் எழுதப்போகும் முறை என்று 1872 மார்ச்சில் திறனாய்வாளர் ஸ்திராகவுக்கு டால்ஸ்டாய் தெரிவித்தார். அது தற்காலிக உற்சாகம் அன்று. கால் நூற்றாண்டுக்குப் பின், 1898இல் வெளியான 'கலை என்றால் என்ன?' என்ற நூலில், தாம் எழுதிய கலைப் படைப்புகள் அனைத்தையும் மட்டமானவை என்று தள்ளிவிட்டு, இரண்டுக்கு மட்டும் விலக்கு அளித்தார்: ஒன்று 'காகசஸ் கைதி', மற்றது அதே அரிச்சுவடிக்காக எழுதிய 'கடவுள் உண்மையைக் காண்கிறார், ஆயினும் காத்திருக்கிறார்'. தம் மாபெரும் நாவல்கள் மீது அவர் வழங்கிய தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. ஆனால் அந்த இரண்டு கதைகளின் மீது அவர் வைத்த மதிப்பு முற்றிலும் சரியானது.

அரிச்சுவடி முடிந்த பிறகு டால்ஸ்டாய் பீட்டர் நாவலுக்கே திரும்பினார் என்பதும், அது அப்போதும் நகரவில்லை என்பதும் இங்கே மறக்கக்கூடாத உண்மைகள். 1873 மார்ச்சில் வீட்டில் கிடந்த புஷ்கினின் நூல் ஒன்றை எடுத்துப் புரட்டியபோது, விருந்தினர் வந்து கூடுவதில் நேரடியாகத் தொடங்கும் ஓர் உரைநடைத் துண்டு கண்ணில் பட்டது. முன்னுரையும் பின்னணியும் இல்லாமல் நிகழ்ச்சியின் நடுவிலேயே வாசகரை இறக்கிவிடும் அந்த முறையைக் கண்டு வியந்து அவர் எழுத அமர்ந்தபோது 'அன்னா கரீனினா' தொடங்கியது. புஷ்கின் அவருக்குப் புதியவர் அல்லர், பலமுறை படித்தவரே. அதே பக்கம் இம்முறை அவரை ஆட்கொண்டதற்கு, நேராகவும் சுருக்கமாகவும் சொல்வதில் ஓராண்டுக்கு மேல் குழந்தைகளின் பொருட்டுக் கையைப் பழக்கியிருந்தது காரணம் என்று கொள்வதில் பிழை இல்லை. பிறருக்குச் செய்யும் உதவி, நின்றுபோன நூலையே நகர்த்தித் தரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கருத வேண்டும். நின்றது நின்றதுதான். வந்தது வேறொன்று, அதனினும் மேலானது.

மூன்றாவது தேக்கத்தில் நின்றுபோன நூலே மீண்டும் எழுந்தது. 1887 கோடையில் யாஸ்னயா போல்யானாவுக்கு வந்திருந்த சட்ட அறிஞர் கோனி, தாம் அறிந்த ஒரு வழக்கைக் கூறினார்: கொலைக் குற்றங்களையும் திருட்டுகளையும் விசாரிக்கும் நீதிமன்றத்தில் நடுவர் குழு உறுப்பினராக அமர்ந்த ஒருவர், குற்றவாளிக் கூண்டில் நின்ற விலைமகள் முன்பு தம்மால் கெடுக்கப்பட்ட பெண் என்று கண்டு, அவளை மணக்க முன்வந்தார், அவள் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தாள். நடுவர் குழு என்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று முடிவு கூறுவதற்காகப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் குழு. 1889 இறுதியில் டால்ஸ்டாய் இக்கதையை எழுதத் தொடங்கினார். எழுதினார், விட்டார், மறுபடி எழுதினார். 1895இல் ஒரு வடிவத்தை முடித்து நண்பர்களிடம் படித்துக் காட்டினார்; அவருக்கே அது பிடிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில், நடக்கப் போயிருந்தபோது தவறு எங்கே என்று விளங்கியதை நாட்குறிப்பில் பதிந்தார்: கதையை அந்த உயர்குடி ஆணிடமிருந்து தொடங்கியதே பிழை, அவளிடமிருந்து தொடங்க வேண்டும்.

தம் தேக்கத்துக்கு ஓர் எழுத்தாளர் செய்த நோயறிதல்களில் இதைப் போல் கூர்மையானது வேறு இருக்குமா என்பது ஐயமே. நெஹ்லூதவ் என்ற அந்த ஆண் பாத்திரம் பல வகையில் டால்ஸ்டாயே. இளமையில் தாம் இழைத்த தவறுகளின் சுமையை அவன் மீது ஏற்றியிருந்தார். ஆகவே கதை மன்னிப்புக் கேட்பவரைச் சுற்றியே சுழன்றது. தீங்குக்கு ஆளானவள் அவருடைய மனமாற்றத்துக்கு ஒரு கருவியாக மட்டும் நின்றாள். தன்னோக்கு கதையின் கட்டமைப்புக்குள்ளேயே குடிபுகுந்து, அறக்கவலையின் உடையில் உட்கார்ந்திருந்தது. ஆயினும், இவ்வளவு தெளிவு பிறந்தபின்னும் நூல் முடியவில்லை. மேலும் இரண்டரை ஆண்டுகள் அது பெரும்பாலும் ஒதுக்கியே வைக்கப்பட்டிருந்தது. வாலஸ் கூறும் மூன்றாம் கட்டமாகிய தெளிவு மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

நூலை எழுப்பியது துகபோர்கள் பட்ட துன்பம். 'ஆவியின் வலிமையால் போராடுவோர்' என்று பொருள்படும் பெயர் கொண்ட இவர்கள், திருச்சபைச் சடங்குகளையும் அரசின் படைச்சேவையையும் ஏற்காத ரஷ்ய உழவர் சமயக் குழுவினர். காகசஸ் பகுதியில் குடியமர்த்தப்பட்டிருந்தார்கள். 1895 கோடையில் ஒரே இரவில் மூன்று இடங்களில் தங்கள் ஆயுதங்களையெல்லாம் குவித்துத் தீயிட்டு, கொலைத் தொழிலில் இனிப் பங்கில்லை என்று அறிவித்தார்கள். கொசாக்குப் படையினர் அவர்களைச் சாட்டையால் அடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு நிலம் இழந்து ஜார்ஜிய மலைக் கிராமங்களுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். நோயாலும் பசியாலும் பலர் இறந்தார்கள். 1898இல் நாட்டைவிட்டு வெளியேற அரசு அனுமதித்தபோது, கனடா நிலம் தர முன்வந்தது. கப்பலுக்குப் பணம் இல்லை. டால்ஸ்டாய் செல்வர்களுக்குக் கடிதம் எழுதி நன்கொடை கேட்டார். அதுவும் போதாதபோது, 1898 ஜூலையில், முடிவுறாமல் கிடக்கும் கதைகளை முடித்து விற்று வரும் பணத்தைத் துகபோர்களுக்குத் தரப்போவதாக நண்பர் செர்த்கோவுக்கு எழுதினார். 1881க்குப் பின் எழுதிய நூல்களின் பதிப்புரிமையை 1891இலேயே துறந்து, எழுத்துக்குப் பணம் வாங்குவதை ஏறத்தாழப் பாவமாகக் கருதியவர், இந்த ஒரு நூலுக்கு விலை பேசினார். 'நீவா' என்ற வார இதழின் உரிமையாளர் மார்க்ஸ் 12,000 ரூபிள் முன்பணம் கொடுத்தார்.

1899 மார்ச்சில் தொடர் தொடங்கியது. 'புத்துயிர்ப்பு' என்று தமிழில் அறியப்படும் அந்நாவல் அவ்வாண்டு டிசம்பர் வரை வெளிவந்தது. எழுபது வயதைக் கடந்த டால்ஸ்டாய், அச்சுப்படிகளின் ஓரங்களில் புதுப் பக்கங்களையே எழுதி அனுப்பினார், அச்சகம் திணறியது, இடையில் நோயுற்றார், ஆயினும் நிற்கவில்லை. படங்கள் வரைந்தவர் லியனீத் பஸ்தர்நாக். பின்னாளில் நோபல் பரிசு அறிவிக்கப்பெற்ற கவிஞர் பரீஸ் அவருடைய மகன்; அப்போது ஒன்பது வயது. வீட்டுச் சமையலறையில் பசை கொதித்துக்கொண்டிருந்ததையும், ஈரம் உலராத படங்களைத் துடைத்து அட்டையில் ஒட்டிக் கட்டி முத்திரையிட்டதையும், பீட்டர்ஸ்பர்க் செல்லும் ரயிலின் நடத்துநர் சீருடையோடு வாசலில் நின்று அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு போனதையும் பரீஸ் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். ஒன்பது ஆண்டுகள் மேசைமேல் கிடந்த நூலுக்கு அப்போது ரயில் நேரமே கெடுவாக இருந்தது. அவசரத்தின் தழும்பும் நூலில் உண்டு: விவிலிய மேற்கோள்களால் முடித்துவைத்த இறுதிப்பகுதி முடிவாகவே இல்லை என்று செகாவ் கூறிய குறை நியாயமானது. ஆனால் கதை நெஹ்லூதவிடமிருந்து தொடங்கவில்லை. சிறைக்கூடத்திலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்படும் அந்தப் பெண், கத்யூஷாவிடமிருந்தே தொடங்குகிறது. 1895இல் அறிவு கண்டதை 1899இல் கை செய்து முடித்தது.

இவ்வளவும் கூறியபின், உதவி செய்தால் எழுத்து வரும் என்று சூத்திரம் வகுத்துவிடலாம் என்று தோன்றக்கூடும். அதற்கு டால்ஸ்டாயின் வாழ்வே இடம் தருவதில்லை. 1891இல் மத்திய ரஷ்யாவைப் பஞ்சம் தாக்கியபோது, அவர் தம் மகள்களோடு ரியாசான் மாகாணத்தின் பெகிச்செவ்கா கிராமத்துக்குச் சென்று தங்கி, ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டிகள் திறந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆயிரக்கணக்கானோர் உண்டார்கள். விறகும் விதையும் குதிரைத் தீவனமும் திரட்டுவதும், எந்த வீட்டில் எத்தனை வாய் என்று பட்டியல் எடுப்பதும் அவருடைய அன்றாட வேலையாயின. பஞ்சத்தைப் பற்றிய கட்டுரைகள் எழுதினார். புனைகதை எதுவும் எழுதி முடிக்கவில்லை. உழவரிடமிருந்து எடுத்ததில் ஒரு சிறு பங்கையே உயர்குடியினர் உழவருக்குத் திருப்பித் தருகிறார்கள் என்ற கூச்சமும் அவரை அங்கே விடவில்லை. அப்பணி இலக்கியத்துக்கு ஒன்றும் தரவில்லை என்பதால் அதன் மதிப்பு ஓர் அணுவும் குறையாது. பசித்தவருக்குச் சோறு போடுவதை எழுத்துக்கு மருந்தாக எண்ணிப் புறப்படுபவர், எழுத்தையும் கெடுத்துப் பசித்தவரையும் அவமதிப்பவர் ஆவார்.

வேறுபாடு எங்கே என்பது இப்போது தெளிவாகிறது. பள்ளியும் அரிச்சுவடியும் 'புத்துயிர்ப்பும்' அவருடைய சொந்தக் கருவியை, அதாவது சொல்லை, வேண்டி நின்ற தேவைகள். பெகிச்செவ்கா வேண்டியது சோற்றை. சொல்லை வேண்டும் தேவையில் உதவுபவர் தம் தொழிலை விட்டு விலகுவதில்லை. அதே தொழிலைத் தம் பெயரை மறந்து செய்கிறார். கேட்பவர் இன்னார் என்பது தெரியும், கெடுவும் தெரியும், எளிமை கட்டாயமாகும். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனிடமும் இதைக் காணலாம். 1860இல் தம் கவிதைத் தொகுதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபின் திசையற்றிருந்தவர், உள்நாட்டுப் போரில் காயமுற்ற தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் போர்முனைக்குப் போய், பின்னர் வாஷிங்டன் நகரத்திலேயே தங்கி, ராணுவ மருத்துவமனைகளில் ஆரஞ்சும் புகையிலையும் தாளும் தபால்தலையும் கொண்டுபோய்க் கொடுத்து, எழுத முடியாத வீரர்களுக்காக அவர்களுடைய தாய்மாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட முறை சென்றதாக அவரே கணக்கிட்டுள்ளார். வேறொருவருடைய குரலில், வேறொருவருடைய தாய்க்கு, வலிக்காத சொல்லாகத் தேர்ந்து எழுதிய அந்தக் கடிதங்களின் பயிற்சி இல்லாமல், 1865இல் வந்த அவருடைய போர்க்காலக் கவிதைகளின் அடங்கிய குரலை விளக்க முடியாது.

டால்ஸ்டாயின் கருத்துகளுக்குத் தமிழரோடும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தம் நண்பர் ஹெர்மன் கல்லன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில், சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் காந்தியும் பங்கேற்றார். கப்பல் பயணத்திலும் சிறையிலும் கற்றிருந்த சொற்பத் தமிழை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் தமிழ் கற்பித்தார். தம் அறியாமையை அவர்களிடம் மறைக்கவில்லை என்றும், அதனாலேயே அவர்களுடைய அன்பை இழக்கவில்லை என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இனி யாஸ்னயா போல்யானாவுக்குத் திரும்பலாம். கட்டுரையில் ஃபேத்கா என்று பெயர் மாற்றிக் குறிக்கப்பட்ட சிறுவனின் இயற்பெயர் வாசிலி மொரோசவ். அவர் வளர்ந்து துலா நகரில் வண்டியோட்டிப் பிழைத்தார். முதுமையில், தம் பள்ளியையும் ஆசிரியரையும் பற்றிய நினைவுகளைத் தம் கையாலேயே எழுதினார். அந்நூல் 1917இல் மாஸ்கோவில் அச்சாயிற்று.